துறைமுகத்தை அடைத்த மத்தி

உட்காரு மாப்ளே. அந்தப் பாஸ்போர்ட்டை மொதல்ல பையிலே வை. காலையிலேருந்து நீ எடுத்து எடுத்துக் காட்டுனதுல திருமலைராயன்பட்டினத்துல பாதிப் பேருக்கு உன் போட்டோ மூஞ்சி மனப்பாடம் ஆயிட்டுது. மூணு மாசம் கப்பல் கம்பெனிப் பயிற்சி, அதுவும் மார்செய் பட்டணத்துல. ரொம்ப சந்தோஷம். உங்கம்மா நேத்தே வந்து அழுதுட்டுப் போனா. "அண்ணே, நீதான் அந்த ஊரைப் பார்த்துட்டு வந்தவன், புள்ளைக்கு நாலு புத்தி சொல்லு"ன்னா. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? மகளைப் பிரான்சு நேஷனாலிட்டிக்காரனுக்குக் கட்டிக் குடுத்தேன். அந்த யோக்கியதையிலே ரெண்டு மாசம் அங்கே இருந்து, ரசத்துக்கு ஏங்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுவேன். நீ போற ஊரு பொய்க்குப் பேர் போன ஊரு. நான் சொல்லலை, பிரான்சு பூரா சொல்றான். எவனாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னா "அது மார்செய் கதை"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பான். நீ வேற புதுசா மீசை வச்சிருக்கே, யாரு எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவே. அதனால எந்தப் பொய்க்குச் சிரிக்கணும், எந்தப் பொய்க்கு மடியைத் தடவிப் பார்த்துக்கணும்னு மட்டும் தெரிஞ்சுகிட்டுப் போ. மத்ததெல்லாம் கூகுள் சொல்லும்.

மத்தி மீன்லேருந்து ஆரம்பிக்கிறேன். மார்செய்க்காரன் அளந்து விடுறதுக்கு அத்தாட்சியா ஊர் உலகமெல்லாம் சொல்ற கதை அதுதான். ஒரு மத்தி வந்து துறைமுகத்து வாசலை அடைச்சுக்கிட்டுதாம். எந்தக் கப்பலும் உள்ளே வர முடியலை, வெளியே போக முடியலையாம். எம்மருமகன் இதைச் சொன்னப்ப எனக்கு சோறு புரையேறிட்டுது. நம்ம ஊர்ல மத்தியைக் கையில அள்ளிப் போட்டு வறுக்கிறோம், அது எங்கே துறைமுகத்தை அடைக்கிறது? அப்புறம் பேரன் படிச்சுச் சொன்னான். பதினோரு வயசுதான். எனக்கு அங்கே வாயும் அவன்தான், காதும் அவன்தான்.

1780-ல நடந்தது. கப்பலோட பேரு சர்த்தீன். அப்ப பிரான்சுக்குக் கடற்படை மந்திரியா இருந்தவரோட பேரு அது. கப்பல் எங்கேருந்து வந்துதுன்னு கேளு. இந்தியாவுலேருந்து! 1778-ல இங்கிலீஷ்காரன் புதுச்சேரியைப் புடிச்சான் இல்லையா, அப்ப மாட்டின பிரெஞ்சுக்காரங்களைக் கைதி மாத்துற ஏற்பாட்டுல ஊருக்கு அனுப்பி வச்சான். அவங்களை ஏத்திக்கிட்டு வந்த கப்பல். அதுல வந்தவங்கள்ல பராஸ்னு ஒரு இளவட்டம். பின்னாடி புரட்சிக்கப்புறம் பிரான்சை ஆண்ட அஞ்சு பேர்ல ஒருத்தன் ஆனான். வர்ற வழியிலே போர்ச்சுக்கல் முனைகிட்ட ஒரு இங்கிலீஷ் போர்க்கப்பல் அடையாளம் தெரியாம சுட்டுது. தலைவனே செத்தான். மிச்சம் இருந்தவங்க ஓட்டையும் உடைசலுமா அதை ஓட்டிக்கிட்டு வந்து, கடைசியிலே ஊர் வாசல்ல கொண்டாந்து தரை தட்ட விட்டாங்க. அந்த வாசல் ஒரு சின்ன வாய். அடைஞ்சு போச்சு. சர்த்தீன் அடைச்சுது, சர்த்தீன் அடைச்சுதுன்னு சொல்லிச் சொல்லி, நாக்கு ஒரு எழுத்து வழுக்கி மத்தி ஆயிட்டுது. மத்திக்கு அவங்க பாஷையிலே சர்தீன். நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே 'த'தான், எழுதினா எனக்கே வித்தியாசம் தெரியாது. அவனை என்ன குத்தம் சொல்றது?

பார்த்தியா, ஒலகமே சிரிக்கிற பொய்யைக் கீறினா உள்ளே புதுச்சேரியிலே புடிபட்ட கைதி உட்கார்ந்திருக்கான். ஆனா நீ போய் அங்கே யாருகிட்டேயும் இந்த நெசத்தைச் சொல்லித் திருத்திடாதே. மத்தி கதையை ஒருத்தன் சொன்னா வாயைப் பொளந்து கேளு. "எவ்வளவு பெரிய மத்தி?"ன்னு கேளு. அப்பதான் காப்பி வாங்கிக் குடுப்பான்.

ஊரைப் பத்திச் சொல்லணுமே. வியோ போர்னு சொல்லுவாங்க, பழைய துறைமுகம்னு அர்த்தம். கப்பல், கிரேன்னு நெனைச்சுட்டுப் போகாதே. பெரிய கப்பலெல்லாம் 19-ஆம் நூற்றாண்டுலேயே பக்கத்துல லா ஜொலியெத்துக்குப் போயிட்டுது. கன்டெய்னர் இப்ப இன்னும் தள்ளி, ஃபோஸ்ங்கிற எடத்துல. உன் ஆபீஸ்காரன் உன்னை அங்கதான் கொண்டு போய் காத்துல நிறுத்துவான். பழைய துறைமுகம் இப்ப பாய்மரப் படகுக்குத் தொழுவம். நம்ம கோயில் குளம் ஒரு பக்கம் கரையில்லாம கடலுக்குத் திறந்துகிட்டா எப்படி இருக்கும், அப்படி. மூணு பக்கமும் வீடு, சாப்பாட்டுக் கடை, நாற்காலி. அத்தனை நாற்காலியும் தண்ணியைப் பார்த்துத்தான் போட்டிருக்கும். ஒரே ஒரு காப்பியை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். நம்ம டீக்கடையிலே அப்படி உட்கார்ந்தா பெஞ்சைத் தூக்கிக் கவுத்துடுவான்.

காலையிலே எந்திரிச்சு கடைசிக் கரைக்குப் போ. மீன்காரம்மாங்க இருப்பாங்க. புருசன் படகுலேருந்து எடுத்துக் குடுக்க, பொண்டாட்டி மேசையிலே தண்ணி விட்டு விப்பா. மீன் துள்ளும். குரல் மட்டும் நம்ம காரைக்கால் மீன்மார்க்கெட்டேதான். பாஷை புரியாட்டாலும் திட்டு புரியும். பேரம் பேசிடாதே. நான் பேசினேன். பேரன் மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டான்.

அந்த எடத்துலேயே தலைக்கு மேலே ஒரு பந்தல் இருக்கு. 2013-ல நார்மன் ஃபாஸ்டர்னு இங்கிலாந்துக் கட்டடக்காரர் போட்டது. மெல்லிசாத் தூணு, மேலே கண்ணாடி மாதிரி பளபளன்னு எஃகுத் தகடு. அண்ணாந்து பார்த்தா நீ தலைகீழாத் தொங்குவே, மீன்கூடையும் தொங்கும், ஊரே தொங்கும். என் வழுக்கையை நான் மொதமொதல்ல முழுசாப் பார்த்தது அங்கதான். இத்தனை வருஷமா உங்க அத்தை "கொஞ்சம்தான் கொட்டியிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அந்தப் பொய்யூர்ல எனக்கு நெசத்தைச் சொன்னது அந்தக் கூரை ஒண்ணுதான்.

ஊரு பொறந்த கதையே கல்யாணக் கதை. கி.மு. 600 வாக்குல, இன்னைக்குத் துருக்கிக் கரையா இருக்கிற ஃபோக்கேயாவுலேருந்து கிரேக்கக் கப்பல்காரங்க வந்து இறங்குனாங்க. அன்னைக்கு உள்ளூர்த் தலைவன் வீட்டுல விருந்து. மக யாருக்குக் கிண்ணத்தை நீட்டுறாளோ அவன்தான் மாப்பிள்ளை. உள்ளூர்ப் பயலுங்க எல்லாம் எண்ணெய் தேய்ச்சு தலை சீவி உட்கார்ந்திருக்க, அந்தப் பொண்ணு ஜிப்டிஸ், இப்பத்தான் கப்பல்லேருந்து எறங்கி உப்பு நாத்தத்தோட நிக்கிற புரோட்டிஸ் கையிலே கிண்ணத்தைக் குடுத்துட்டா. சீதனமா அந்தத் துறையைக் குடுத்தான் மாமனார். இப்படித்தான் கதை சொல்றாங்க. கிரேக்கன் எழுதி வச்ச கதைங்கிறதால கிரேக்கனுக்குத்தான் பொண்ணு. உள்ளூர்க்காரன் எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பானோ! உன்னையும் எதுக்குச் சொல்றேன்னா, அங்கே எவளாவது கிண்ணத்தை நீட்டினா என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்கு.

பாஸ்தீஸா இருந்தா அது சோம்பு சாராயம். 1932-ல பால் ரிக்கார்னு ஒரு மார்செய்க்காரர் அந்தப் பேர்ல விக்க ஆரம்பிச்சார். கலர் மஞ்சளா இருக்கும், தண்ணி ஊத்தினா பால் மாதிரி வெளுத்துடும். உங்கம்மாவுக்கு போட்டோ அனுப்பினா மோர்னு சொல்லிடலாம். நான் சொல்லித் தந்ததா சொல்லாதே.

அந்த ஊரோட மொதப் பொய்யன் யாருன்னு பேரன்கிட்ட கேட்டேன். பித்தேயாஸ்னான். பங்குச்சந்தை இருந்த பெரிய கட்டடத்து முகப்புல செலையா நிக்கிறான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல இந்தத் துறையிலேருந்து கெளம்பி, பிரிட்டனைச் சுத்தி, வடக்கே வடக்கே போயிட்டுத் திரும்பி வந்து சொன்னானாம்: அங்கே ராத்திரியிலே சூரியன் மறையறதே கொஞ்ச நேரம்தான், கடல் கூழ் மாதிரி உறைஞ்சு கெடக்கு, கடல் ஏறி இறங்குறதுக்கும் நெலாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு. ஸ்ட்ராபோங்கிற பெரிய படிப்பாளி பின்னாலே வந்து, "இவன் புளுகன்"னு எழுதி வச்சுட்டார். அவன் சொன்னது அத்தனையும் நெசம். அதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துது. ஒருத்தனை ரெண்டாயிரம் வருஷமா பொய்யன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அவன் பேரனுங்க "இருக்கட்டும், அப்ப பொய்யே சொல்றோம்"னு முடிவு பண்ண மாட்டானுங்களா?

அந்த நாட்டோட தேசியப் பாட்டுக்கு மார்செய்யேஸ்னு பேரு. அதை எழுதுனது இந்த ஊர்லே இல்லை, வடக்கே ஸ்ட்ராஸ்பூர்ல, 1792-ல. இவனுங்க அதைப் பாடிக்கிட்டே பாரீசுக்கு நடந்து போனானுங்க, பேரு இவனுங்களுக்கு வந்துடுச்சு. பெத்தது ஒருத்தி, தூக்கி வச்சுக்கிட்டு நின்னது ஒருத்தி. கேட்டா நெஞ்சை நிமித்திக்குவான். நீயும் கூட நிமித்திக்க, காசா பணமா.

சாப்பாட்டுக்கு வரேன். இங்கதான் என் கையிலேருந்து காசு போச்சு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். புய்யாபேஸ்னு ஒரு மீன் கொழம்பு. அந்த ஊரு பேரைச் சொன்னா அதுதான். ஆதியிலே அது என்னன்னா, வலையிலே மாட்டி யாரும் வாங்காம மிஞ்சுன மீனு, முள்ளும் முண்டுமா இருக்கிறது, அதைக் கரையிலேயே கடல் தண்ணியிலே போட்டுக் கொதிக்க விட்டு மீன்புடிக்கிறவன் குடிச்ச கஞ்சி. நம்ம கிளிஞ்சமேட்டுக்காரங்க பொடி மீனைப் போட்டு வைக்கிற கொழம்பு எப்படியோ அப்படி. இன்னைக்கு அதுக்கு வெள்ளைத் துணி விரிச்சு, குங்குமப்பூ போட்டு, ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லி வச்சு, ரெண்டு பேருக்குக் குறைஞ்சா செய்ய மாட்டேங்கிறான். ஏமாத்துறவங்க அதிகமாயிட்டாங்கன்னு 1980-ல சில கடைக்காரங்க சேர்ந்து ஒரு சாசனமே எழுதி வச்சானுங்க, எந்தெந்த மீன் இருக்கணும்னு. ராஸ்காஸ்னு கல்லு மாதிரி ஒரு மூஞ்சி மீன், அது இல்லாம ஆகாது. விலாங்கு சாதியிலே ஒண்ணு. இராயப்பர் மீன்னு ஒண்ணு, விலாவுல கறுப்பாப் பொட்டு இருக்கும். இராயப்பர் விரல் பட்ட தடமாம். வள்ளத்துல தொழில் பண்ண புனிதர், ரேகை வச்சுட்டுப் போயிருக்கார்.

நாங்க போனது சாசனத்துல கையெழுத்துப் போட்ட கடையா இல்லையான்னு நான் கேக்கலை. சர்வர் மொதல்ல முழு மீனைத் தட்டுல கொண்டாந்து காட்டினான், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொண்ணைக் காட்டுற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். உள்ளே கொண்டு போயிட்டான். அப்புறம் வெறும் சாறு வந்தது. பூண்டு தடவின காய்ஞ்ச ரொட்டி, அது மேலே 'ரூய்'னு செவப்பா ஒரு சட்னி. துருன்னு அர்த்தமாம், கலர் அப்படி. சாறு முடிஞ்சதும் மீனை நம்ம கண்ணெதிரேயே முள் எடுத்து வச்சான். ருசி நல்லாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. ஒரு பிடி சோறு இருக்குமான்னு கேளுடான்னேன் பேரன்கிட்ட. அவன் கேக்கலை. ரெண்டு தடவை சொன்னேன். மூணாந்தடவை கேட்டான். சர்வர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கோயில் சன்னதியிலே செருப்போட நின்னவனைப் பாக்குற பார்வை. பில்லு வந்தது. தலைக்கு 70 யூரோ. எம்மருமகன் முகத்தைப் பார்த்தேன். குங்குமப்பூ கலருக்கு வந்திருந்தது. ஏழைச் சாப்பாடு எவ்வளவு உயர்ந்துட்டுதுன்னு ஆறுதல் சொன்னேன், அவர் எடுத்துக்கலை. நீ அந்தப் பக்கம் போகாதே. நொவாய்னு ஒரு சந்தைத் தெரு இருக்கு, வடக்கு ஆப்பிரிக்காக்காரங்க கடை. அங்கே கொத்தமல்லியும் பச்சை மொளகாயும் கெடைக்கும், மிச்சத்தை நீயே பார்த்துக்க.

படகுல ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இஃப்புனு பேரு. 16-ஆம் நூற்றாண்டுல கட்டுன கோட்டை, அப்புறம் ஜெயிலு. அந்தத் தீவுல 1516-ல ஒரு காண்டாமிருகத்தை இறக்கி வச்சிருந்தாங்களாம். குஜராத் சுல்தான் போர்ச்சுக்கீசியனுக்குக் குடுத்தது, அவன் போப்பாண்டவருக்கு அனுப்புறான், வழியிலே இங்கே நிறுத்தினப்ப பிரான்சு ராஜாவே வந்து பார்த்துட்டுப் போனாராம். பாவம், அப்புறம் இத்தாலிக் கரைகிட்ட கப்பலோட முழுகிடுச்சு. அதை விடு. ஜெயிலுக்குள்ளே ஒரு அறையைக் காட்டி, "இதுதான் எட்மோன் தாந்தேஸ் இருந்த அறை, இதோ அவர் தோண்டுன பொந்து"ன்னான். எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு போட்டோ எடுத்தாங்க. யாருடா இந்த தாந்தேஸ், என்ன குத்தம் பண்ணான்னு பேரனைக் கேட்டேன். "தாத்தா, அவரு அலெக்சாந்தர் துய்மா எழுதுன நாவல்ல வர்றவர்"ங்கிறான்! பொறக்கவே பொறக்காதவனுக்கு அறை, பொந்து, டிக்கெட்டு எல்லாம் இருக்கு. நான் வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன். இதெல்லாம் சிரிக்கிற பொய்யிலே சேர்த்தி.

ஆனா அதே ஜெயில்ல நெசமாவே ஒருத்தன் இருந்தான். சத்தோங்கிற கப்பல் தலைவன். அவன் அறை எதுன்னு யாரும் கேக்கலை. நீ கேளு.

1720 மே 25. கிராந்-சேந்-அந்துவான்னு அவனோட கப்பல் கிழக்கேருந்து வந்தது, சிரியா பக்கத்துப் பட்டும் பஞ்சுத் துணியும் ஏத்திக்கிட்டு. வழியிலேயே ஆளுங்க செத்திருக்காங்க. வைத்தியம் பார்த்தவனும் செத்திருக்கான். அந்த ஊர்ல இதுக்கெல்லாம் சட்டம் அருமையா இருந்துது மாப்ளே, அதுதான் கொடுமை. எந்தத் துறையிலேருந்து வர்றியோ அங்கே நோய் இருந்துதா இல்லையான்னு சீட்டு வாங்கிட்டு வரணும். சந்தேகம்னா தள்ளி ஒரு தீவுல நிக்கணும், நாள் கணக்கா. சரக்கை வெயில்லேயும் காத்துலேயும் காயப் போடணும். எல்லாம் எழுதி இருந்துது. ஆனா துணிக்குச் சொந்தக்காரங்க யாரு? ஊர்ப் பெரிய மனுசங்க. ஊரை ஆளுற நாலு பேர்ல முதலாமவரான எஸ்தெல்லுக்கே அதுல பங்கு. ஜூலை மாசம் பொகேர் சந்தை வருது, வித்தாகணும். தீவுல நிக்க வேண்டிய சரக்கு கரைக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்துது. அங்கேருந்து ஒரு மூட்டை, ரெண்டு மூட்டை, எப்படியோ ஊருக்குள்ளே வந்துது. துணியோட தெள்ளுப்பூச்சியும், அதோட பிளேக்கும் வந்துது.

நோய் வந்ததுக்கப்புறமும் சும்மா காய்ச்சல்தான்னு சொல்லிப் பார்த்தாங்க. அன்னைக்கு அந்த ஊர்ல ஏறக்குறைய 90,000 பேரு. கிட்டத்தட்ட பாதிப் பேரு போயிட்டாங்க. தெருவுல தூக்க ஆளில்லாம, துடுப்பு வலிக்கிற கைதிகளைக் கொண்டாந்து பொணம் அள்ளினாங்க. கப்பலை செப்டம்பர்ல கொளுத்தினாங்க. தலைவன் சத்தோவைப் புடிச்சு இஃப்புல போட்டாங்க. துணிக்குச் சொந்தக்காரங்களை எந்த இஃப்புலே போட்டாங்கன்னு பேரன்கிட்ட கேட்டேன். அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மத்தி துறைமுகத்தை அடைச்சுதுன்னு சொன்னவனைப் பார்த்து ஒலகம் சிரிக்குது மாப்ளே. துறைமுகத்தை அடைக்க வேண்டிய நேரத்துல அடைக்காம, சீட்டெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னவனைப் பார்த்து யாரும் சிரிக்கலை. அவன் நல்ல துணி உடுத்தியிருந்தான். நீ வேற கப்பல் ஆபீசுக்குப் போறே. ரப்பர் ஸ்டாம்பு கையிலே குடுப்பாங்க. அதான் இதை இவ்வளவு நேரம் சொன்னேன்.

துறைமுகத்து வடக்குக் கரையிலே பார்த்தா, எதுத்த பக்கம் மாதிரி பழைய வீடு இருக்காது. எல்லாம் ஒரே மாதிரி, அளவெடுத்த மாதிரி. என்னடா இதுன்னு கேட்டா, 1943 ஜனவரி, பிப்ரவரியிலே ஜெர்மன்காரன் அங்கே இருந்த 20,000 பேருக்கு மேலே வெளியேத்திட்டு, 1,500 வீடு வாக்குல வெடி வச்சுத் தகர்த்தான். பிரெஞ்சுப் போலீசும் கூட நின்னுது. ஊர் மன்றக் கட்டடத்தையும் இன்னும் ரெண்டொரு வீட்டையும் மட்டும் விட்டு வச்சாங்க. அந்தத் தெருவுல உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்னுட்டு வந்தேன்னு அப்புறம்தான் எனக்குத் தெரியும். நொவாய் சந்தைத் தெருன்னேனே, அங்கேயே தோபாஞ் தெருவுல 2018 நவம்பர் 5-ந் தேதி பழைய வீடுங்க சரிஞ்சு 8 பேர் செத்தாங்க. சுவரு வெடிச்சிருக்குன்னு குடியிருந்தவங்க முன்னாடியே சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. போனா கொஞ்சம் நின்னுட்டுப் போ.

வாசல்ல ரெண்டு கோட்டை இருக்கு, ஒரு பக்கம் ஒண்ணு. பதினாலாம் லூயி கட்டுனது. ஊரைக் காக்கக் கட்டியிருப்பாருன்னு நெனைப்பே. பீரங்கி ஊரைப் பார்த்தும் இருந்துதாம். வாசல்ல நாயைக் கட்டி, வீட்டுக்காரனைப் பார்த்துக் குரைக்கச் சொன்ன கதை. ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு சின்னப் படகு ஓடும், 1880-லேருந்து ஓடுது, முந்நூறு மீட்டர் கூட இருக்காது. ஏறி உட்காரறதுக்குள்ளே எறங்கச் சொல்லுவான். நம்ம ஆளு யாராவது "மெடிட்டரேனியன்ல கப்பல் பயணம் போனேன்"னு ஊருக்கு எழுதினா, இதுதான்னு தெரிஞ்சுக்க. நான் எழுதினேன்.

நேரத்துக்குப் போற பழக்கத்தை மட்டும் வச்சுக்க. 1910 ஜூலை 8-ந் தேதி, மோரியாங்கிற கப்பல்ல கைதியாக் கொண்டு போன சாவர்க்கர், இந்தத் துறைமுகத்துல கக்கூஸ் ஜன்னல் வழியாக் குதிச்சு நீந்திக் கரையேறினார். கார் வச்சுக்கிட்டுக் காத்திருக்க வேண்டியவங்க மேடம் காமாவும், நம்ம திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயரும். அவங்க வந்து சேர லேட்டாயிட்டுதுன்னு சொல்லுவாங்க. அதுக்குள்ளே பிரெஞ்சுப் போலீஸ்காரன் புடிச்சு இங்கிலீஷ்காரன் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டான். ஹேக் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போயும் ஆகலை. நீ பஸ்ஸுக்கே பத்து நிமிஷம் லேட்டாப் போறவன்.

மலை மேலே ஒரு மாதா கோயில், போன் மேர், நல்ல தாய்னு சொல்றாங்க. தங்கத் தகடு போட்ட செலை, கடல்லேருந்து பாத்தாலும் மின்னும். உள்ளே போனா நம்ம வேளாங்கண்ணிதான் போ. புயல்ல தப்பிச்சவன் சின்னச் சின்னக் கப்பல் பொம்மை செஞ்சு மேலே தொங்க விட்டிருக்கான். சுவரு பூரா நன்றிக் கல்லு. இந்த எடத்துல மட்டும் யாரும் அளக்கலை. "காப்பாத்தினே, நன்றி", தேதி, அவ்வளவுதான். கீழே எறங்கினதும் வழக்கம்போல ஆரம்பிச்சுடுவான்.

பந்தாட்டம் அவங்களுக்கு ரெண்டாவது மாதா கோயில். 1993-ல ஐரோப்பாவுக்கே சாம்பியன் ஆனாங்க. அதை உனக்கு அஞ்சு பேரு சொல்லுவாங்க. அதுக்கு ஆறு நாளைக்கு முன்னாடி, உள்நாட்டு ஆட்டம் ஒண்ணுல எதிராளி டீம்காரனுக்குப் பணம் குடுத்த கதையையும், அந்தப் பணம் ஆட்டக்காரனோட சொந்தக்காரங்க வீட்டுத் தோட்டத்துல புதைச்சு வச்ச எடத்துலேருந்து போலீஸ் தோண்டி எடுத்ததையும் யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த வருஷத்து நாட்டுப் பட்டத்தைப் புடுங்கிட்டாங்க. யாராவது மாப்பிள்ளை "மாமா, தோட்டத்துல ஒரு குழி தோண்டிக்கட்டுமா, செடி வைக்கணும்"னு வந்தா இனிமே நான் என்ன செடின்னு கேப்பேன்.

உங்கம்மா சோப்பு கேப்பா. மார்செய் சோப்பு, கட்டியா, சதுரமா, 72 சதவீதம் எண்ணெய்னு முத்திரை குத்தினது. 1688-லேயே எப்படிச் செய்யணும்னு ராஜா சட்டம் போட்டாரு. ஆனா அந்தப் பேரை இன்னார்தான் போட்டுக்கலாம்னு யாரும் காவல் போடலை. துருக்கியிலே செஞ்சது, சீனாவுல செஞ்சது எல்லாத்துக்கும் மார்செய் சோப்புன்னுதான் பேரு. வாசம் தூக்கலா, ரோஸ் கலர்லே, லாவண்டர் பொட்டலமா இருந்தா வாங்காதே. அசலுக்கு வாசமே இருக்காது, அழுக்குப் பச்சையா, பார்க்க லட்சணமே இருக்காது. எங்க சம்பந்தி மாதிரி. அதைத்தான் நம்பலாம்.

சாயங்காலம் என்ன பண்றதுன்னு கேப்பே. பெத்தாங் ஆடுற எடத்துக்குப் போ. இரும்புக் குண்டை எறிஞ்சு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்துல விழ வைக்கணும், ஆட்டம் அவ்வளவுதான். பக்கத்து ஊரு லா சியோத்தாவுல, முடக்குவாதம் புடிச்சு ஓட முடியாத ஒரு ஆட்டக்காரனுக்காகக் காலை நட்டுக்கிட்டே ஆடலாம்னு மாத்தினாங்க, அதுலேருந்துதான் வந்துதாம். கால் வலிக்காரன் கண்டுபுடிச்ச ஆட்டம்னதும் எனக்கு உசுரு வந்துடுச்சு. 13-க்குப் பூஜ்யம்னு தோத்தா ஃபன்னிங்கிற பொம்பளை படத்தோட பின்பக்கத்துல முத்தம் குடுக்கணும். நான் ரெண்டு தடவை குடுத்தேன். உங்க அத்தைக்குத் தெரியாது.

அங்கே ஒரு பெரியவர் வருவார். தொப்பி, மேல்சட்டையிலே ஒரு பட்டன் இருக்காது, என் வயசுதான் இருக்கும். வாழ்நாள் பூரா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். முதல் நாளே என்கிட்ட மத்தி கதையைச் சொன்னாரு, பேரன் மொழிபெயர்த்தான். நான் சிரிக்கலை. முகத்தை வச்ச இடத்துலேயே வச்சுக்கிட்டு, "எங்க ஊர்ல அரசலாறு கடல்ல விழற எடத்துல, மழைக் காலத்துல ஒரு கெளுத்தி வந்துது. அதைக் கரையேத்த ரெண்டு சோடி மாடு பூட்டினோம். தலையை மட்டும் வெட்டி வச்சு, மூணு தெருக்காரங்க வாசப்படிக்கு அண்டக் குடுத்தாங்க"ன்னு சொன்னேன். பேரன் தயங்கினான். "அப்படியே சொல்லுடா, ஒரு எழுத்து கொறைக்காதே"ன்னேன். சொன்னான். அவர் குண்டைத் துணியாலே தொடைச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "மாடு என்ன சாதி?" உம்பளச்சேரின்னேன். தலையை ஆட்டினாரு. மறுநாள்லேருந்து எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தாரு.

அவரை நீ பார்த்தா என்னை விசாரிப்பாரு. கெளுத்தி எவ்வளவு நீளம்னு நிச்சயம் கேப்பாரு, அவருக்கு அதுல ஒரு கண்ணு. நான் அன்னைக்கு எட்டு முழம்னு சொன்னதா ஞாபகம். நீ பதினொண்ணுன்னு சொல்லு. ரெண்டு வருஷம் ஆயிடுச்சு இல்லே, வளராதா?